மேடையில் வேலை செய்த கருவிக்கு ஏன் பரிசு கிடைக்கவில்லை?

புதிதாக வாசிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் குமரி மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர்களுக்கான மருத்துவக் கண்டுபிடிப்புப் போட்டி நடந்திருக்கிறது. நீங்கள் மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவர். மீனவர்களுக்காக மணிக்கட்டில் கட்டும் பட்டை ஒன்றை உங்கள் அணி செய்திருக்கிறது. நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, ஊசி குத்தாமலே ரத்தச் சர்க்கரை ஆகிய மூன்றையும் அது காட்டும். அளவு தவறினால் வீட்டுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். மேடையில் பிசகில்லாமல் வேலை செய்தது. ஆனால் முதல் பரிசு, கண்ணாடிக் குழாயை மரத் தாங்கியில் நிறுத்தி 20 நிமிடம் எண்ணும் ஒரு பெட்டிக்குப் போய்விட்டது. பாம்புக்கடி நோயாளிகளின் ரத்தச் சோதனைக்கான பெட்டி அது. விளக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே அதன் திரை அணைந்தும் போனது. இரண்டாம் பரிசு, வாய்ப்புற்றை 95 சதவீதம் துல்லியமாகக் கண்டுபிடிப்பதாகச் சொன்ன ஒரு கைப்பேசிச் செயலிக்கு. “நடுவர்கள் எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனத்தில் இருப்பது “எங்களுக்கு அநியாயம் நடந்துவிட்டதா?” என்ற கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

அந்த அரங்கில் நான் இல்லை. அந்த நடுவர்களையும் தெரியாது. ஆகவே இரண்டாவது கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு வழியில்லை. முதல் கேள்விக்குச் சொல்லலாம். மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்துப் பராமரிப்பது என் தொழில். அதில் என் காலத்தின் பெரும்பகுதி நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையிலேயே கழிந்துவிட்டது. அந்தத் தகுதியில் கல்லூரிகள் நடுவராகக் கூப்பிடுவார்கள். வழக்கமாக மருத்துவர் ஒருவர், பேராசிரியர் ஒருவர், என்னைப் போல் கையில் எண்ணெய்க் கறை உள்ளவர் ஒருவர் என்று மூன்று பேர் உட்காருவோம். கையில் ஒரு மதிப்பெண் தாள் தருவார்கள். தேவை, புதுமை, நடைமுறைச் சாத்தியம், செலவு, விளக்கிய விதம் என்று அதில் தலைப்புகள் இருக்கும். பெயர்கள் போட்டிக்குப் போட்டி மாறினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய இதுதான். மேடையில் ஓடுகிறதா என்பதற்கு நான் பார்த்த தாள்களில் தனித் தலைப்பு இருந்ததில்லை. நடைமுறைச் சாத்தியத்துக்குள் அது ஒரு துணுக்கு. அப்படி இருப்பது சரிதான் என்பேன். மேடையில் ஒரு கருவி ஓடுவது மிகச் சிறிய விஷயத்தைத்தான் நிரூபிக்கிறது.

உங்கள் பட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிரூட்டிய அரங்கில், 20 வயது ஆரோக்கியமான நண்பர் கையில் கட்டி, ஆக்சிஜன் 98 என்று காட்டியிருப்பீர்கள். கைதட்டியிருப்பார்கள். ஆனால் எந்த உணரியும் இல்லாமல் எப்போதும் 98 என்று காட்டும்படி எழுதிய நிரலும் அந்த மேடையில் அதே கைதட்டலை வாங்கியிருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்கும் ஆக்சிமீட்டருக்கு வேலையே 98-ஐ 98 என்று சொல்வதில் இல்லை. 84-ஐ 84 என்று சொல்வதில் இருக்கிறது. சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் தசை வழியே அனுப்பி, ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் எவ்வளவு உறிஞ்சுகின்றன என்ற விகிதத்தை அது பார்க்கிறது. அந்த விகிதத்தை எந்த எண்ணாக மாற்றுவது என்பதைக் கணக்குப் போட்டு மட்டும் பெற முடியாது. ஆய்வகத்தில் மருத்துவர் மேற்பார்வையில் தன்னார்வலர்களின் ஆக்சிஜனை 70 சதவீதம் அளவுவரை படிப்படியாகக் குறைத்து, தமனி ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டுத்தான் அந்த அட்டவணையைத் தயாரிக்கிறார்கள். அப்படித் தயாரித்து விற்கிற கருவிகளிலேயே குறை இருந்தது. கறுப்பின நோயாளிகளில் ஏறக்குறைய 12 சதவீதம் பேருக்கும் வெள்ளையர்களில் 4 சதவீதத்துக்குக் குறைவானவர்களுக்கும், ஆபத்தான அளவுக்கு ஆக்சிஜன் குறைந்திருந்தபோது கருவி ‘நன்றாக இருக்கிறது’ என்று காட்டியது என 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளியானது. தோலின் நிறம் ஒளியைத் தின்றுவிடுகிறது. வெயிலில் கறுத்த கடற்கரை உழைப்பாளிகளுக்காகப் பட்டை செய்கிறோம் என்று சொல்லும் அணியிடம் நான் முதலில் கேட்பது இதைப் பற்றித்தான். மணிக்கட்டில் எலும்பும் தசைநாரும் அதிகம், விரல் நுனியைப் போல் ரத்த ஓட்டமும் கிடையாது என்பது அடுத்த கேள்வி.

சர்க்கரை விஷயத்தில் இன்னும் கறாராகப் பேசுவேன். ஊசி குத்தாமல் ஒளியைக் கொண்டு சர்க்கரை அளப்பது மாணவர் போட்டிகளுக்குத் தவறாமல் வந்து சேரும் ஒரு திட்டம். உலகப் பெரும் நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக முட்டி மோதிக்கொண்டிருக்கும் இடம் அது. தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம், அப்படி எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. ‘நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்தோம், பொருந்தியது’ என்பீர்கள். எத்தனை பேரிடம், எப்போது? விடுதி நண்பர்களிடம் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பார்த்திருந்தால், ‘சாப்பிட்டு முக்கால் மணி நேரம் ஆயிற்று’ என்று தெரிந்த ஒரு கடிகாரமும் ஏறக்குறைய அதே எண்ணைச் சொல்லிவிடும். விரலில் குத்திப் பார்க்கும் சாதாரண சர்க்கரைக் கருவிக்கே உலகத் தர விதி கடுமையானது: 100 மில்லிகிராமுக்குக் கீழே 15 மில்லிகிராமுக்குள், 100-ம் அதற்கு மேலும் 15 சதவீதத்துக்குள், 100 அளவீடுகளில் குறைந்தது 95 பொருந்த வேண்டும். உங்கள் பட்டை 180 என்று தவறாகக் காட்டி, 90 உள்ள ஒருவர் கூடுதலாக இன்சுலின் போட்டுக்கொண்டால் நடுக்கடலில் அவர் மயங்கிச் சரிவார். குழுவில் இருக்கும் மருத்துவர் மனத்தில் ஓடும் படம் அதுதான். அவர் சிரித்துக்கொண்டே ‘நல்ல முயற்சி’ என்று சொல்லியிருப்பார். தாளில் வேறு எண்ணை எழுதியிருப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் கரையிலிருந்து வெகுதூரம் போய் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவை. கரை கண்ணிலிருந்து மறைந்து சிறிது நேரத்திலேயே கைப்பேசி அலைவரிசை போய்விடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது செய்தி போய்ச் சேராததுதான் நம் மாவட்டத்தின் பெருந்துயரமாக இருந்தது. இதை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருக்க, ‘மீனவர்களுக்கு’ என்று தலைப்புப் போட்டுவிட்டு, குறுஞ்செய்தி அனுப்பும் என்றால், தேவை என்ற தலைப்பின் கீழ் நானாக இருந்தாலும் பாதிக்குக் கீழேதான் போட்டிருப்பேன். குளச்சலிலோ முட்டத்திலோ ஒரு மாலை மீனவர்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால் தெரிந்திருக்கும். உப்புக்காற்றில் உங்கள் மின்னேற்றும் துளை ஒரு பருவத்தையாவது தாங்குமா என்பதையும் அவர்களே சொல்லியிருப்பார்கள். கடற்கரை மருத்துவமனைகளில் ஏசி எந்திரத்தின் செம்புச் சுருளே பொடிந்து உதிர்வதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி அந்தக் கண்ணாடிக் குழாய்ப் பெட்டி. நீங்கள் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன் என்றாலும், அது ஏன் நடுவர்களுக்குப் பிடித்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே விளங்குகிறது. விளவங்கோடு, கல்குளம் மலையோரங்களில் ரப்பர் பால் வெட்டுபவர்கள் விடியலுக்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறார்கள். கீழே சருகு மெத்தை. கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்தால் ரத்தம் உறையும் தன்மையை இழந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஆய்வகமே வேண்டாம். 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, அறை வெப்பத்தில், அசைக்காமல், 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் கட்டியாக நின்றால் உறைகிறது. தண்ணீராய் ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். மருந்து ஏற்றிய பின் 6 மணி நேரம் கழித்து மீண்டும் இதே சோதனை. எழுதிப் பார்க்க இவ்வளவு எளிது. செய்யும் இடத்தில் வரிசையாகத் தவறும். கண்ணாடிக் குழாய் இல்லாமல் பிளாஸ்டிக் குழாயில் எடுத்துவிடுவார்கள். ரத்தம் உறைவதைத் தூண்டுவதே கண்ணாடியின் பரப்புதான். பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் ஓடும். பழைய குழாயைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி வைத்திருந்தாலும் அதே கோளாறு. இரவு ஒரே ஒரு செவிலியர். வாசலில் இன்னொரு ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். 20 நிமிடம் 40 ஆகிவிடும். கூட வந்த மைத்துனர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை குழாயைத் தூக்கிக் குலுக்கி ‘உறைந்ததா சிஸ்டர்?’ என்று கேட்பார்.

இதையெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நின்று பார்த்த ஒரு அணி, குழாய் ஆடாத தாங்கியும், எடுத்தவுடன் எண்ணத் தொடங்கி 20-ஆவது நிமிடம் அலறும் ஒரு பெட்டியும், 6 மணி நேரத்தில் மறுபடி நினைவூட்டும் ஒரு விளக்கும் செய்திருந்தால், அதில் புதுமை எங்கே என்று பேராசிரியர் முகம் சுளித்திருக்கலாம். மருத்துவர் சுளித்திருக்கமாட்டார். திரை அணைந்தது மின்கலத் தொடர்பில் ஏற்பட்ட கோளாறாக இருக்கலாம். அது சாலிடரிங் இரும்பை எடுத்தால் அன்று மாலையே சரியாகிவிடும் விஷயம். உங்கள் பட்டையின் சர்க்கரைக் கணக்கு எந்த இரும்புக்கும் சரியாகாது. ஒரு விஷயத்தை மட்டும் நான் அவர்களிடமும் துருவியிருப்பேன். தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையில், ரப்பர்த் தோட்டங்களிலும்கூட, மூக்கு நுனி மேல்நோக்கிக் கூம்பிய சிறிய குழிவிரியன் ஒன்று உண்டு. அதன் கடியிலும் ரத்தம் உறையாமல் போகலாம். நம் நாட்டு விஷமுறிவு மருந்தோ நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்காகத் தயாரிக்கப்படுவது. இந்தப் பாம்புக்கு அது பயன் தராது. ‘உங்கள் பெட்டி அலறிய பிறகு மருத்துவர் என்ன செய்வார்?’ என்று கேட்டால், இந்தச் சிக்கலைச் சொல்லத் தெரிந்த அணிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். ‘அதை நாங்கள் தீர்க்கவில்லை, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லும் வரியை மட்டும் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம்’ என்ற பதிலே போதும்.

இரண்டாம் பரிசைப் பற்றிய உங்கள் மனக்குறையில் நியாயம் இருக்கலாம். 95 சதவீதம் என்ற எண்ணைக் கேட்டு நடுவர்கள் மயங்குவது நடக்கிறது. ஆயிரம் பேரை அந்தச் செயலியால் பார்க்கிறோம், அவர்களில் 10 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் சொல்வதில் இரண்டிலுமே 95 சதவீதம் சரி என்றால், 10 பேரில் ஒன்பது பத்துப் பேரைப் பிடித்துவிடும். நோயில்லாத 990 பேரில் ஏறத்தாழ 50 பேரையும் பிடித்துவிடும். ஆக, ‘உனக்குப் புற்று இருக்கலாம்’ என்று செயலி சொல்லும் அறுபது பேரில் ஐம்பது பேர் சும்மா வந்தவர்கள். அவர்கள் கூலியை விட்டுவிட்டுத் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறி, புற்றுநோய் மையத்தில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, முடிவு வரும்வரை தூங்காமல் கிடப்பார்கள். இதைக் கேட்காமல் பரிசு கொடுத்திருந்தால் அது குறைதான். ஒரே நோயாளியின் இரண்டு படங்களில் ஒன்றைச் செயலிக்குக் கற்பிக்கவும் மற்றொன்றை அதைச் சோதிக்கவும் பயன்படுத்தினார்களா என்பதும் கேட்டிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் எண் தானாகவே உயரும். கூகுளின் கண் விழித்திரைச் செயலியைத் தாய்லாந்து கிராம மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் தெளிவில்லை என்று கருவியே தள்ளிவிட்டது என 2020-இல் எழுதினார்கள். ஆய்வகத்தில் பிரமாதமாக இருந்த கருவி அது.

நடுவர்களின் பலவீனங்கள் இதோடு நிற்பதில்லை. காலை முதல் அணிக்கும் மதிய உணவுக்குப் பின் வரும் அணிக்கும் ஒரே கண்ணோடு மதிப்பெண் போடுகிறோம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஒருவர் 90-க்கும் 60-க்கும் இடையில் தாராளமாக ஏறி இறங்குவார். மற்றவர் எல்லோருக்கும் 74, 75, 76 என்று போடுவார். மூன்றையும் கூட்டினால் முதலாமவர் ஒருவரே வெற்றியாளரை முடிவு செய்துவிடுகிறார். எண்ணுக்குப் பதில் தரவரிசையைக் கூட்டினால் இது ஓரளவு குறையும். சில கல்லூரிகளில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், கேட்டவர்களும் உண்டு. ஆங்கிலம் சரளமாக வருகிற அணிக்கு விளக்கிய விதத்தில் நாலைந்து மதிப்பெண் சும்மா ஏறிவிடுகிறது. தமிழில் விளக்கலாம் என்று அறிவிப்பிலேயே போடாத போட்டிக்கு நான் இப்போது போவதில்லை. நோயாளியிடம் ஆங்கிலத்திலா பேசப்போகிறார்கள்?

பரிசு பெற்றதே பின்னால் மருத்துவமனைக்கு வந்து சேருகிறதா என்றால், நான் பார்த்த வரையில் அரிது. இறுதியாண்டு முடிந்ததும் அணி கலைந்துவிடும். கருவி துறை அலமாரியில் ஏறிவிடும். நமக்குப் பக்கத்திலேயே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிலையத்தில் இதய அறுவை நிபுணர் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை இதய வால்வு, முந்தைய வடிவங்கள் சோதனையில் தோற்று, ஏறத்தாழ 15 ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தோற்ற அந்த வடிவங்களில் ஒன்றை நடுவர் குழு முன் எட்டு நிமிடம் விளக்கியிருந்தால் என்ன பரிசு கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. விடை எனக்குத் தெரியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் இரக்கம் காட்டுவதில்லை, உங்களுக்கும் அது பயன்படும். அனுமதி இல்லாமல் நோயாளி மேல் கருவியைக் கட்டிப் பார்த்துவிட்டு, அவர் முகத்தோடு படம் எடுத்துத் திரையில் போடும் அணியை அங்கேயே தள்ளிவிடுவேன். எவ்வளவு சாதுவான கருவியாக இருந்தாலும் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், நோயாளி புரிந்து கொடுத்த சம்மதமும் வேண்டும். தவிர, மருத்துவக் கருவிகளுக்கென 2017-இல் தனி விதிகள் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை நான்கு வகுப்புகள். உங்கள் கருவி எதில் வரும் என்று ஒரு வரி சொன்னாலே நடுவர் நிமிர்ந்து உட்காருவார். காப்புரிமை எண்ணம் இருந்தால் போட்டிக்கு முன்பே தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் இருக்கிறது. ஊரறிய மேடையில் விளக்கிவிட்டால் புதுமை போய்விட்டது என்று பின்னால் மறுக்க இடமுண்டு. மத்திய அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சிலவற்றுக்குத்தான் சட்டத்தில் விலக்கு; கல்லூரிப் போட்டி பெரும்பாலும் அதில் வராது.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது: ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து, தலைப்பு வாரியான மதிப்பெண்ணைக் கேளுங்கள். மொத்தத்தை மட்டும் சொன்னால் விடாதீர்கள். கேட்பதில் தவறில்லை, சண்டையாகக் கேட்காமல் இருந்தால் போதும். நடைமுறைச் சாத்தியமும் தேவையும் குறைந்து, விளக்கிய விதம் உயர்ந்திருந்தால் நான் மேலே சொன்னதுதான் நடந்திருக்கிறது. எல்லாமே உயர்ந்திருந்து கடைசியில் மட்டும் எண் மாறியிருந்தால், உங்கள் சந்தேகத்தைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். பட்டையிலிருந்து சர்க்கரையை எடுத்துவிடுங்கள். ஆக்சிஜனையும் நாடியையும் மட்டும் வைத்துக்கொண்டு, உணரியை மணிக்கட்டிலிருந்து விரலுக்கு மாற்றி, தரச்சான்று பெற்ற ஆக்சிமீட்டர் ஒன்றோடு ஒரே கையில் ஒரே நேரத்தில் பொருத்தி, வித்தியாசத்தை வரிசையாக எழுதுங்கள். முதலில் உங்கள் அணியினரே ஓடிவிட்டு வந்து, பிறகு பனிக்கட்டியில் விரலை வைத்து எடுத்து, கையை ஆட்டிக்கொண்டே. அந்தத் தாளோடு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் நுரையீரல் நோய்ப் பிரிவு மருத்துவர் ஒருவரிடம் போங்கள். ஆக்சிஜன் குறைந்த நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்க்க நெறிமுறைக் குழுவுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று அவர் சொல்லுவார். புறநோயாளிகள் கூட்டம் ஓய்ந்த பின், மதியத்துக்கு மேல் போனால் பேச நேரம் கொடுப்பார்கள்.